எந்தக் கச்சான்?



ஆடி மாதத்து விடியல் ஒன்றில், இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள களுதாவளையில் எனக்கு மாமா முறையான ஒருவரின் வெற்றிலைத் தோட்டத்தில் நின்றுகொண்டிருந்தேன். கிழக்கே கடல் இரைகிற சத்தம். மேற்கே, ஊருக்கு அப்பால், வாவி சலனமில்லாமல் கிடந்தது. இரண்டுக்கும் நடுவே கிடக்கிற மணல் நிலந்தான் களுதாவளை. அந்த மணலில் வெற்றிலையும் கத்தரியும் மிளகாயும் பயற்றங்காயும் செழிக்கின்றன என்றால், அன்றாடம் கிணற்றிலிருந்து இறைத்து ஊற்றுகிற தண்ணீர்தான் காரணம். மணல் நீரைப் பிடித்துவைக்காது. இன்று ஊற்றியது இன்றைக்கு மட்டுமே.

தண்ணீர் ஊற்றத் தொடங்குவதற்கு முன் மாமா மூன்று காரியம் செய்தார். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலால் மணலைக் கிளறிப் பார்த்தார். ஒரு கொடியின் நுனித் தளிரை இரண்டு விரலால் தொட்டார். பிறகு வாவிப் பக்கம் திரும்பி, தென்னோலைகளின் நுனியையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இண்டைக்குக் கச்சான் வெள்ளனவே எழும்பும் மனே. பத்து மணிக்கு முந்தி ஊத்தி முடிக்கணும்" என்றார்.

கிடுகு வேலியோரம் நின்ற அவருடைய பேத்தி உயர்தரம் படிக்கிறவள். அப்பப்பா சொன்னது சரியா என்று பார்க்க ஆசைப்பட்டாள். கைத்தொலைபேசியை வாயருகே பிடித்து, "கச்சான் எப்ப வரும்?" என்று தமிழிலேயே கேட்டாள். அவள் பேச்சை அது எழுத்துப் பிழையில்லாமல் திரையில் எழுதியது. அடுத்த நொடியே விடையும் வந்தது. வறுத்த கச்சானின் படங்கள், அது எந்தக் கடையில் கிடைக்கும், என்ன விலை என்ற விவரங்கள்.

நிலக்கடலையை நாங்கள் கச்சான் என்போம். கோயில் திருவிழாவில் கடதாசிச் சுருளில் வாங்கிக் கொறிப்பது அந்தக் கச்சான். வைகாசி தொடங்கி ஆவணி வரை மேற்கிலிருந்து வந்து எங்கள் தோட்டங்களைக் காய்ச்சி எடுக்கிற வறண்ட காற்றுக்கும் அதே பெயர்தான். ஒரு சொல், இரண்டு பொருள். ஆனால் ஆடி மாதத்தில், விடியற்காலையில், வெற்றிலைக் கொடிக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் "கச்சான் எழும்பும்" என்றால், எது என்று எங்கள் ஊரில் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் தெரியும்.

ஒன்பதரைக்குக் கச்சான் எழும்பியது. தென்னோலைகள் ஒரே பக்கமாகச் சாய்ந்து சலசலத்தன. அதற்குள் மாமா கடைசிப் பாத்திக்கும் தண்ணீர் ஊற்றி முடித்திருந்தார்.

இந்த மாத ஆசிரியர் பக்கத்தை எழுத வைத்தது அந்தக் காலைதான். ஏனென்றால் அந்தப் போன் ஒன்றும் அறியாத கருவி அல்ல. ஏறத்தாழ 20,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றுகிற செய்மதிகளில் குறைந்தது நான்கின் சமிக்ஞையைப் பிடித்து, தான் நிற்கும் இடத்தைச் சில மீற்றர் பிசகுக்குள் சொல்லக்கூடியது. வரைபடத்தைத் திறந்தபோது அதன் நீலப் புள்ளி, நாங்கள் நின்ற கிணற்றடிக்குப் பக்கத்திலேயே இருந்தது. மணி என்ன, திகதி என்ன, வெளிச்சம் எவ்வளவு, அதை வைத்திருப்பவர் நடக்கிறாரா நிற்கிறாரா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். அத்தனையும் தெரிந்திருந்தும், எந்தக் கச்சான் என்பது தெரியவில்லை.

இந்த இடைவெளியை நிரப்புவதற்காகவே கணினி இயலில் ஒரு தனித் துறை முப்பது ஆண்டுகளுக்கு மேலாக உழைத்து வருகிறது. எங்கும் நிறை கணிமை என்றும், சூழலறி கணிமை என்றும் அதைத் தமிழில் சொல்லலாம். கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய மார்க் வைசர் 1991 செப்ரெம்பரில் சயின்டிஃபிக் அமெரிக்கன் இதழில் எழுதிய கட்டுரைதான் இந்தத் துறையின் பிள்ளையார் சுழி. மேசையில் குந்தியிருக்கும் ஒரு பெட்டியாகக் கணினி இருக்கக் கூடாது, நம்மைச் சுற்றியுள்ள பொருள்களுக்குள் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போக வேண்டும் என்றார் அவர். அதற்கு அவர் காட்டிய உதாரணம் எழுத்து. கடைப் பலகையிலும் இனிப்புச் சுற்றிய தாளிலும் எழுத்து இருக்கிறது, ஆனால் 'இப்போது நான் எழுத்து என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன்' என்று யாரும் நினைப்பதில்லை. கணினியும் அப்படி ஆக வேண்டும் என்று கனவு கண்டவர், 1999இல் 46 வயதிலேயே மறைந்துவிட்டார்.

அதே காலத்தில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெற்றி ஆய்வுக்கூடத்தார், சட்டையில் குத்திக்கொள்ளும் ஒரு சிறு பட்டையைச் செய்தார்கள். பதினைந்து விநாடிக்கு ஒருமுறை அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் தன் அடையாளத்தைச் சொல்லும். யார் எந்த அறையில் இருக்கிறார் என்று தெரிந்து, அவருக்கு வந்த தொலைபேசி அழைப்பை அந்த அறைக்கே அனுப்பிவைக்க அது உதவியது. 1994இல் பில் ஷிலிட் என்பவரும் அவருடைய தோழர்களும், ஒரு கருவி அறியவேண்டிய சூழல் என்பது முக்கியமாக மூன்று என்று வகுத்தார்கள்: எங்கே இருக்கிறாய், யாருடன் இருக்கிறாய், அருகில் என்னென்ன இருக்கின்றன. 2001இல் அனிந்த் டே அதை இன்னும் விரித்தார். ஒரு மனிதரின், இடத்தின், பொருளின் நிலைமையை விளக்க உதவும் எந்தத் தகவலும், அவர் செய்யும் காரியத்தோடு தொடர்புபடுமானால், சூழலே என்றார்.

இதை வாசித்தபோது என் மனதில் எழுந்தது, நம் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்க்கும் மூன்று சொல்தான்: இடம், பொருள், ஏவல். கல்யாண வீட்டில் பேசுவதைச் செத்தவீட்டில் பேசாதே என்று ஒரு பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க ஒரு தாய்க்குப் பத்து ஆண்டுகள் பிடிக்கின்றன. அதே பாடத்தை ஒரு கருவிக்குக் கற்றுக்கொடுக்க முயல்கிறார்கள் இந்த ஆய்வாளர்கள். பாட்டின் பொருளை வகுக்கும்போது நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வைத்தது. எந்த நிலம், எந்தப் பொழுது என்று தெரியாமல் ஒரு கூற்றுக்குப் பொருள் கொள்ள முடியாது என்று உணர்ந்த மொழி இது. அந்த மொழியில் பேசுகிறவர்களுக்கு இந்தத் துறை அந்நியமாகத் தோன்றத் தேவையில்லை.

மாமாவின் காற்றுக்கே திரும்ப வருகிறேன். கச்சான் எங்கிருந்து வருகிறது? தென்மேற்குப் பருவக்காற்று கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துவந்து, நாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி வெறுங்கையோடு எங்கள் பக்கம் இறங்குகிறது. இறங்க இறங்கச் சூடேறுகிறது. இரத்தினபுரியில் ஆறு பெருக்கெடுக்கும் அதே நாளில், அதே காற்று களுதாவளையில் வெற்றிலைத் தளிரை வாட்டுகிறது. "தென்மேற்குப் பருவக்காற்று வலுப்பெறுகிறது" என்று தீவு முழுவதற்கும் ஒரே செய்தியை அனுப்பினால், ஓர் ஊருக்கு அது குடையை எடு என்கிறது, இன்னோர் ஊருக்கு வாளியை எடு என்கிறது. செய்தி ஒன்று, ஏவல் இரண்டு. சூழல் அறிதல் ஏன் தேவை என்பதற்கு நூல்களைப் புரட்டவேண்டாம், இந்த ஒரு காற்றே போதும்.

நம் நாட்டில் இதை உணர்ந்து வேலை செய்தவர்கள் இருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெருமை. அப்போது மேற்கு சிட்னிப் பல்கலைக்கழகப் பேராசிரியராக இருந்த அதுல கினிகே, கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் பேராசிரியராக இருந்த கிஹான் விக்கிரமநாயக்க ஆகியோரும், அவர்களோடு இத்தாலி, அமெரிக்கா முதலிய நாடுகளின் ஆய்வாளர்களும் சேர்ந்து, 2010களின் தொடக்கத்தில் இலங்கை விவசாயிகளுக்காக ஒரு கைத்தொலைபேசி முறையை உருவாக்க முனைந்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி, தோட்டக்காரர் ஒவ்வொருவரின் வயிற்றிலும் புளியைக் கரைக்கிற கேள்வி. போன போகம் கத்தரிக்கு நல்ல விலை போனது என்று இந்தப் போகம் எல்லோரும் கத்தரி நடுகிறார்கள். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் காய்க்கிறது. விலை விழுகிறது. பறிகூலிக்கும் கட்டாது என்று காயைச் செடியிலேயே விட்டுவிடுகிறார்கள். களுதாவளையில் இதைக் காணாத குடும்பம் இல்லை.

நடுவதற்கு முன்பே, மற்றவர்கள் எதை எவ்வளவு நடுகிறார்கள் என்று தெரிந்தால்? விவசாயி தான் நடப்போகும் பயிரையும் நிலத்தின் அளவையும் போனில் குறிக்கிறார். எல்லோருடைய குறிப்பும் ஒன்றுசேர்ந்து, இந்தப் பயிர் தேவைக்குக் குறைவாக இருக்கிறது, இது போதிய அளவை எட்டிவிட்டது, இது மிஞ்சப்போகிறது என்று நிறங்களால் திரையில் தெரிகிறது. அதைப் பார்த்து அடுத்தவர் தன் மனதை மாற்றிக்கொள்ளலாம். இங்கே சூழல் என்பது நான் நிற்கும் இடம் மட்டும் அல்ல. என் அயலவர் மனதில் போட்டிருக்கும் கணக்கும் என் சூழல்தான்.

அதே குழுவோடு இணைந்து ருகுணு பல்கலைக்கழகத்தின் அனுஷா வலிசதீர, பயிர் பற்றிய அறிவைச் சூழலுக்கேற்ப அடுக்கிவைக்கும் முறையை ஆராய்ந்தார். 'மிளகாய்க்கு என்ன பசளை?' என்று கேட்டால் ஒரே விடை கிடையாது. எந்த உயரத்து நிலம், எவ்வளவு மழை, மண் மணலா களியா, பெரும்போகமா சிறுபோகமா, நட்டு எத்தனை நாள், தோட்டக்காரர் இயற்கைப் பசளை போடுகிறவரா இல்லையா என்பதைப் பொறுத்து விடை மாறும். விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற எண்ணை அழைத்தால், மறுமுனையில் இருக்கும் நல்ல அலுவலர் இவற்றையெல்லாம் திருப்பிக் கேட்டுத்தான் பதில் சொல்வார். கேட்காமலேயே இதில் பாதியைக் கருவி அறிந்துகொள்ளட்டும் என்பதுதான் ஆய்வின் நோக்கம்.

வாவிக்கும் கடலுக்கும் நடுவே வாழ்கிறவர்களுக்கு இன்னொரு சூழல் இருக்கிறது. அதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. 2004 டிசெம்பர் 26, ஞாயிறு, போயா தினம். நமது நேரப்படி காலை 6.58க்குச் சுமாத்திராவுக்கு அருகே கடலடியில் நிலம் பிளந்தது. அலை நமது கரைக்கு வந்து சேர ஒன்றரை மணித்தியாலத்துக்கும் மேல் ஆனது. அத்தனை நேரம் இருந்தும் நமது கரையில் நின்றவர்களுக்குச் சொல்ல யாரும் இருக்கவில்லை.

அதே காலையில், அதே வங்கக்கடலின் கரையில், புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்ற மீனவர் கிராமத்தில் நடந்ததை நாம் மறக்கக் கூடாது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிக் கிராமங்களில் அறிவு மையங்களை நடத்திவந்தது. ஒரு கணினி, ஒரு தொலைபேசி, ஓர் ஒலிபெருக்கி. கடலோரக் கிராமங்களில் அன்றைய அலை உயரத்தை அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்திலிருந்து எடுத்து, தமிழில் சொல்லி, கரையில் நிற்பவர்களுக்குக் கேட்கும்படி ஒலிபரப்பினார்கள். அன்று காலை, சிங்கப்பூரில் வேலைசெய்துகொண்டிருந்த அந்த ஊர் இளைஞர் ஒருவர் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துவிட்டு ஊருக்குப் பேசினார். ஊர்க்காரர்கள் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். படகுகளும் வீடுகளும் போயின. ஆனால் சுமார் 3,600 பேர் உயிரோடு மிஞ்சினார்கள். கருவி சாதாரணமானது. ஆனால் அது எந்த இடத்தில், யாருடைய காதுக்கு, எந்த மொழியில் பேசவேண்டும் என்பது முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்தது.

பின்னர் அதே நிறுவனம் மீனவர்களுக்காக ஃபிஷர் ஃபிரெண்ட் என்ற கைத்தொலைபேசிச் செயலியைக் கொண்டுவந்தது. அலை உயரம், காற்றின் வேகம், மீன் கிடைக்கக்கூடிய பகுதி ஆகியவற்றைத் தமிழில் சொல்வதோடு, படகு இந்திய இலங்கைக் கடல் எல்லையை நெருங்கும்போது எச்சரிக்கவும் செய்கிறது. நடுக்கடலில் கோடு கிழித்து வைக்கவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியதால் இரண்டு கரையிலும் எத்தனை அடுப்புகள் எரியாமல் போயின என்று நினைக்கும்போது, ஒரு சின்ன மணியோசை எவ்வளவு பெரிய காரியம் என்று புரிகிறது.

நமது நாட்டிலும் ஆழிப்பேரலைக்குப் பிறகு மொறட்டுவைப் பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தின் உழைப்போடு ஓர் எச்சரிக்கை வலையமைப்பு உருவானது. டயலொக் நிறுவனமும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் சேர்ந்து 2009இல் அதை அறிமுகப்படுத்தின. குறுஞ்செய்தியோடு, கோபுர ஒலிபரப்பு என்ற முறையையும் அது பயன்படுத்துகிறது. இந்தக் கோபுர ஒலிபரப்பை நான் மிகவும் மதிக்கிறேன். கோயில் மணி போன்றது அது. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் போன்கள் எல்லாவற்றுக்கும் செய்தி ஒரே நேரத்தில் போய்ச்சேரும். உன் பெயர் என்ன, உன் எண் என்ன, எங்கிருந்து வந்தாய் என்று ஒருவரையும் அது கேட்பதில்லை. மணி அடிக்கிறவருக்கு, கேட்கிறவர் யார் என்று தெரியவேண்டிய அவசியம் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. "எங்க இருந்து வாறாய்? எங்க போறாய்? பையில என்ன?" போர்க்காலத்தில் நம் பஸ்கள் சாவடிக்குச் சாவடி நின்றபோது நம்மிடம் கேட்கப்பட்ட கேள்விகள் இவை. அடையாள அட்டையைக் கையில் பிடித்து வரிசையில் நடந்தவர்களில் நானும் ஒருவன். இன்று சட்டைப்பையில் இருக்கும் கருவியும் இதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. குரல் இல்லாமல் கேட்கிறது, நாள் முழுக்கக் கேட்கிறது. பதில் எங்கே போய்ச் சேமிக்கப்படுகிறது, யார் அதைப் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. இடத்தையும் பொருளையும் கருவி அறியட்டும். ஏவல் மட்டும் நம் கையை விட்டுப் போகக் கூடாது. எப்போது அறியலாம், எதை அறியலாம், எப்போது மறந்துவிட வேண்டும் என்று ஏவுகிறவர் அதைச் சட்டைப்பையில் வைத்திருப்பவராகவே இருக்கவேண்டும். சாவடிகளைக் கடந்து வளர்ந்த நம் பிள்ளைகள் இந்தத் துறைக்குள் போனால், இந்த எச்சரிக்கையைக் கூடவே கொண்டுபோவார்கள் என்று நம்புகிறேன்.

போகத்தான் வேண்டும். வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே கல்முனை வீதியில் இருப்பது களுதாவளை. இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரு பஸ் எடுத்தால் மாமாவின் கிணற்றடிக்கு வந்துவிடலாம். வேறொரு தேசத்தில் இருக்கும் பொறியியலாளர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் கச்சானை அவருக்கு யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. நமது பக்கத்தில் 'வேளாண்மை' என்றால் வயலில் நிற்கும் நெற்பயிர். மற்ற இடங்களில் அது விவசாயம் முழுவதற்கும் பெயர். களவெட்டிக்குள் இறங்கிவிட்டால் சூடடித்த நெல்லை நெல் என்று சொல்லமாட்டோம், பொலி என்போம். இடம் மாறியதும் சொல்லும் மாறுகிறது. வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் ஒன்று, மேற்கே படுவான்கரையில் ஒன்று என்று வழக்குகள் வேறுபடுகின்றன. இவை எந்தச் செய்மதிக்கும் தெரியாது. மனிதர்களின் நாவில் மட்டும் இருக்கின்றன. அந்த மனிதர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது.

சூழலை அறியும் கருவிக்குச் சூழலைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர்கள் அந்தச் சூழலில் வாழ்கிறவர்களே. இந்த மாதம் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது இது ஒன்றுதான். மாமாவின் காலடி மணல், விரல் தொட்ட தளிர், தென்னோலை நுனி ஆகிய மூன்றும் மூன்று உணரிகள். ஐம்பது வருட மழையும் வெயிலும் சேர்ந்து திருத்தியமைத்த கணக்கு அவருடையது. 1978 நவம்பர் 23 சூறாவளியையும் கண்ட கண்கள் அவை. அந்தக் கணக்கு அவரோடு போய்விடாமல் பேத்தியின் போனுக்குள் இறங்கவேண்டும். இறக்கிவைக்கிறவள் அந்தப் பேத்தியாகவே இருந்தால் அதைவிடச் சந்தோஷம் எனக்கு இல்லை.

அதனால் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த இதழிலிருந்து இதற்கென்று இரண்டு பக்கங்களை ஒதுக்குகிறோம். மழை வரும் என்று உங்கள் அம்மாச்சி எதைப் பார்த்துச் சொல்வார்? வாவியில் இறால் ஏறுகிறது என்பதை எப்படி அறிவீர்கள்? வாடையும் சோழகமும் கொண்டலும் மாறும் நாளை உங்கள் ஊரில் எந்தக் குறி காட்டுகிறது? வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுதுங்கள். ஊரின் பெயர், மாதம், நேரம், எந்த நிலம் என்பவற்றையும் சேர்த்து எழுதுங்கள். அந்த நாலும் இல்லாவிட்டால், வரப்போகிற கருவிகளும் நமக்கு வறுத்த கச்சானையே காட்டும்.

இதை எழுதி முடிக்கும்போது பேத்தியிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி. தோட்டத்தில் ஒரு கொப்பி வைத்திருக்கிறாளாம். முதல் பக்கத்தில் அவள் எழுதியிருப்பது: களுதாவளை, ஆடி, விடியல், மணல் நிலம். தென்னோலை நுனி மேற்கிலிருந்து அசையத் தொடங்கினால், மூன்று மணித்தியாலத்துக்குள் கச்சான். அப்பப்பா சொன்னது. பார்த்தேன், சரி.

அன்புடன்,
ஆசிரியர்